திரையில் ஒரு சாலை – 11: ஒரே கல்லுக்கு இரண்டு முகவரி

யூனிட்ஸ் பஞ்சாயத்து போன வாரத்தோடு தீர்ந்தது: சாலை என்றால் மீட்டர், மறுபேச்சில்லை. இந்த வாரம் லேயர் என்று சொல்லியிருந்தேன். அதற்குள் 78-ஆம் தீர்க்கரேகை குறுக்கே வந்துவிட்டது.

சர்வேயர் கொடுக்கும் ஈஸ்டிங், நார்த்திங் எண்கள் பெரும்பாலும் யூடிஎம் முறையில் வருபவை. பூமியை ஆறு டிகிரி அகலத்தில் 60 ஸோன்களாக நறுக்கிய முறை. அதில் 43-க்கும் 44-க்கும் எல்லை, 78 டிகிரி கிழக்கு. அந்தக் கோடு தமிழ்நாட்டை வடக்கு தெற்காகப் பிளந்துகொண்டு போகிறது. கோவை, ஈரோடு, திண்டுக்கல் எல்லாம் 43. சேலம், மதுரை, சென்னை 44. ஓசூர் 43 என்றால் பக்கத்துக் கிருஷ்ணகிரி 44!

திண்டுக்கல்–மதுரை சாலையை வரைகிறீர்கள் என்று வையுங்கள். எல்லையில் நிற்கும் ஒரு கல்லுக்கு 43-இல் ஈஸ்டிங் சுமார் 8.29 லட்சம் மீட்டர், 44-இல் 1.71 லட்சம். இரண்டு சர்வே குழுக்கள் ஆளுக்கொரு ஸோனில் அளந்து கொடுத்த பாயிண்டுகளை ஒரே டிராயிங்கில் இறக்கினால், சாலை இரண்டாக அறுந்து நடுவே 650 கிலோமீட்டருக்கு மேல் வெற்றிடம். ஜூம் எக்ஸ்டென்ட்ஸ் கொடுத்தால் திரையின் இரு ஓரத்திலும் இரண்டு பொட்டுதான் தெரியும்.

உடனே ‘மூவ்’ கொடுத்து ஒட்டவைக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். அந்த எல்லையில் இரண்டு ஸோன்களின் வடக்கும் ஏறத்தாழ ஒரு டிகிரி விலகி நிற்கின்றன. நகர்த்தி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் சாலை முறுக்கிக்கொள்ளும். ஒரு கிலோமீட்டர் போவதற்குள் 18 மீட்டர் தள்ளிப்போயிருக்கும். வேலை முழுவதற்கும் ஒரே ஸோன் என்று முதல் நாளே முடிவு செய்யுங்கள். சிவில் 3டியில் டிராயிங் செட்டிங்ஸில் அந்த ஸோனைக் குறியுங்கள். மற்ற ஸோனின் பாயிண்டுகளை இறக்கும்போதே மாற்றித் தரும் வசதி அதில் உண்டு. பாயிண்ட் ஃபைல் ஃபார்மேட்டில் அது எந்த ஸோன் என்று சொல்லியிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

1802-இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து வேலையைத் தொடங்கிய வில்லியம் லாம்டன், பின்னர் குமரிமுனையிலிருந்து வடக்கே கொண்டுபோன பெரும் அளவைக் கோடும் ஏறத்தாழ இதே 78-ஐ ஒட்டித்தான் போயிற்று. அவருடைய அரை டன் தியோடலைட் 1808-இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றும்போது மோதி நசுங்கியதும், அவரே உட்கார்ந்து அதைச் சீர்படுத்தியதும் தனிக்கதை. இந்த ஒரு கோட்டைப் பற்றியே ஒரு தொடர் எழுதலாம். ஆசிரியர் முறைக்கிறார்.

இன்னொரு சங்கதி. ஸோனின் நடுவில், தரையில் ஒரு கிலோமீட்டர் இருப்பது யூடிஎம்மில் 40 சென்டிமீட்டர் குறைந்து வரும். 78-ஐ ஒட்டிய ஓரத்திலோ சுமார் 90 சென்டிமீட்டர் கூடிவிடும். பில் போடும் நீளத்தைத் திரையில் அளந்து எழுதுபவர்கள் இதை மனதில் வைக்கவும்.

ஃபைலில் எது ஈஸ்டிங், எது நார்த்திங் என்று தலைப்பே இல்லாமல் வருகிறதா? சரியான ஸோனில் அளந்திருந்தால் தமிழ்நாட்டுக்குள் எங்கேயும் நார்த்திங்தான் பெரிய எண். குமரிமுனையில்கூட அது 8.9 லட்சத்துக்குக் குறையாது, ஈஸ்டிங் எங்கேயும் 8.31 லட்சத்தைத் தாண்டாது.

தாளில் சாலை படுத்தாற்போல வர வேண்டும் என்று ‘ரொட்டேட்’ கொடுப்பதும் ‘மூவ்’ போன்ற பாவம்தான். ‘யூசிஎஸ்’ஸைச் சாலையோடு திருப்பி, ‘பிளான்’ கொடுங்கள். பார்வை மட்டும் திரும்பும், கோஆர்டினேட் அசையாது. ஹேட்ச் கோணல்மாணலாக வந்தாலும் டிராயிங்கை நகர்த்தாதீர்கள். ‘ஹெச்பி ஆரிஜின்’ புள்ளியை வேலை நடக்கும் இடத்துக்குப் பக்கத்தில் வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

லேயர் அடுத்த வாரம், கட்டாயம். அதற்குள் உங்கள் டிராயிங்கைத் திறந்து, ‘யூசிஎஸ்’ஸை வேர்ல்டில் வைத்து, ‘ஐடி’ கொடுத்து, பெஞ்ச் மார்க் மேல் ஒரு கிளிக் செய்யுங்கள். வரும் எண்ணைச் சர்வேயரின் தாளோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.