கொழுந்து மெஷினும் பந்தயப் படகும்

கேமரன் மலையில் சரிவு மட்டாக இருக்கும் தேயிலைப் பகுதிகளில் கொழுந்தை இப்போது விரல்கள் கிள்ளுவதில்லை. வரிசைக்கு இருபுறமும் பக்கத்துக்கு ஒருவராக நின்று, வெட்டுக்கத்தி பூட்டிய மெஷினைத் தூக்கிப் பிடித்துச் செடிகளின் தலைமட்டத்தில் நடத்திப் போகிறார்கள். வெட்டிய கொழுந்தை மெஷினின் காற்றாடி பின்னால் இழுபடும் நீண்ட பைக்குள் ஊதித் தள்ளுகிறது. சரிவு செங்குத்தாகும் இடங்களில் இன்னும் கத்தரிதான். 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலைத் தோட்டமானாலும் சரி, அக்கம்பக்கத்துத் தோட்டங்களானாலும் சரி, தலைமுறை தலைமுறையாகத் தமிழர் கைகள் செய்த வேலை இது. அதில் ஒரு பகுதியை இன்று சின்னஞ்சிறு பெட்ரோல் எஞ்சின் செய்கிறது.

பல மெஷின்களில் இருப்பது இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின். இதற்கு ஒரு பந்தயக்கார உறவு உண்டு. ரேடியோவில் ஓட்டும் பெட்ரோல் மாதிரிப் படகுகளைப் பார்த்தவர்களுக்கு ஜப்பானின் ஜெனோவா எஞ்சின் தெரிந்திருக்கும். புல்வெட்டியும் மரம் அறுக்கும் மெஷினும் செய்கிற நிறுவனம் அது. அதன் 25.4 சிசி படகு எஞ்சின் அதே குடும்பத்துப் பிள்ளை. காற்றுக்குப் பதிலாகத் தண்ணீரால் குளிர்விக்கப்படுகிறது, அவ்வளவே. ஆனால் தோட்டத்து மெஷினில் கைப்பிடி அளவு சைலன்சர் பெட்டி இருக்கும் இடத்தில், படகில் வயிறு பெருத்த நீண்ட குழாய் ஒன்று படுத்திருக்கும். வேகத்தில் ஒரு பெரிய பங்கு அந்த வயிற்றுக்குள்தான் இருக்கிறது.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினில் புகை போகும் வாயிலும் புதுக் கலவை வரும் வாயிலும் கொஞ்ச நேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். புகையைத் துரத்த வரும் புதுக் கலவையில் ஒரு பகுதி, எரியாமலே புகையோடு வெளியே போய்விடுகிறது. சாதாரண சைலன்சர் இதைத் தடுக்காது. வயிறு பெருத்த குழாய் தடுக்கிறது. புகைவாயில் திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. வயிற்றின் முன்பக்கத்து விரியும் கூம்பை அடைந்ததும் அதிலிருந்து ஓர் உறிஞ்சும் அலை திரும்பி வந்து, மிச்சப் புகையை இழுத்துக்கொள்கிறது. கூடவே புதுக் கலவையும் கொஞ்சம் குழாய்க்குள் வந்துவிடுகிறது. மீதி அலை பின்பக்கத்துக் குறுகும் கூம்பில் மோதி அழுத்த அலையாகத் திரும்புகிறது. வாயில் மூடப்போகும் கடைசிக் கணத்தில் வந்து, தப்பியோடிய கலவையை மறுபடி சிலிண்டருக்குள் திணிக்கிறது. அசையும் பாகம் ஒன்றுகூட இல்லாத பம்பு இது!

இதை அளந்து, வரைந்து, கைக்கு அடக்கியவர்களில் முதல் வரிசையில் நிற்பவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் இருந்த வால்டர் காடன். 1961இல் அவருடைய 125 சிசி எஞ்சின் 25 குதிரைசக்தியைத் தொட்டது. அதே ஆண்டு அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர் ஸ்வீடன் பந்தயத்தின்போது மேற்குக்குத் தப்பிச் சென்று சுசுகியில் சேர்ந்தார். மறு ஆண்டே 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. குழாயின் ரகசியமும் அவரோடு ஜப்பானுக்குப் போனது.

குழாயின் நீளத்தை நாமே கணக்கிடலாம். நிமிடத்துக்கு 16,000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு சுற்றுக்கு 3.75 மில்லி விநாடி. புகைவாயில் ஏறக்குறைய அரைச்சுற்று திறந்திருப்பதாகக் கொண்டால், அலை போய்த் திரும்பக் கிடைப்பது 1.9 மில்லி விநாடிக்கும் குறைவு. குழாய்க்குள் வாயுவின் சராசரி வெப்பம் 400 டிகிரி செல்சியஸ் என்றால் ஒலி விநாடிக்குச் சுமார் 520 மீட்டர் ஓடும். அப்படியானால் பிஸ்டனிலிருந்து குறுகும் கூம்பு வரை சுமார் 49 செ.மீ. வேண்டும். தண்ணீர் சுற்றிக் குளிர்விக்கும் இணைப்புக் குழாய் வைத்து வெப்பம் 300 டிகிரிக்கு இறங்கினால், ஒலியின் வேகம் 480 ஆகிவிடும். நீளமும் 45 செ.மீ.க்குச் சுருங்க வேண்டும். இன்னொருவர் படகில் அளந்த நீளத்தை அப்படியே நம் படகில் வைத்தால் ஏன் ஓடுவதில்லை என்பதற்கு விடை இந்த நான்கு செ.மீ.தான்.

இந்தக் குழாயைக் கொழுந்து மெஷினில் ஏன் வைப்பதில்லை? 8,000 சுற்றில் ஓடும் எஞ்சினுக்கு இதே கணக்குப்படி கிட்டத்தட்ட ஒரு மீட்டர் குழாய் வரும். இரண்டு பேர் நாள் முழுக்கத் தூக்கிச் சுமக்கும் மெஷினில் அதை எங்கே கட்டுவது? தவிர, இந்தக் குழாய் குறிப்பிட்ட சுற்றுக்குள் மட்டுமே கைகொடுக்கும். அதற்குக் கீழே வந்தால் அலை தவறான நேரத்தில் திரும்பி எஞ்சினைத் திணறடிக்கும். கொழுந்து வெட்டுபவருக்கு வேண்டியது மாறாத இழுவையும் குறைந்த சத்தமும். எஞ்சின் இருக்கும் முனையைப் பிடிப்பவரின் காதுக்கும் அதற்கும் இடைவெளி ஒரு கை நீளம்தான். அவருக்குக் காதடைப்பான் கொடுக்காமல் மெஷினைக் கையில் கொடுப்பது தவறு.

படகுக்குக் குழாய் தேர்ந்தெடுப்பவர் முதலில் புரொப்பல்லரை முடிவுசெய்ய வேண்டும். எஞ்சின் எந்தச் சுற்றில் ஓடப்போகிறது என்று தெரியாமல் குழாய் வாங்குவது வீண் செலவு. தொடக்கத்தில் கொஞ்சம் நீளமாகவே வைத்துக்கொண்டு, ரப்பர் இணைப்பில் குழாயைச் சில மில்லிமீட்டர் உள்ளே தள்ளி ஓட்டிப் பார்ப்பார்கள். குறுக்கக் குறுக்க உச்ச வேகம் கூடும், கிளம்பும்போதுள்ள இழுவை குறையும். வளைவிலிருந்து வெளிவரும்போது படகு சோம்பினால் குறுக்கியது அதிகம். கடைசியில் உள்ள வால்குழாயின் துளைதான் ஆபத்தான இடம். அது சிறுத்தால் சூடு உள்ளே தேங்கி பிஸ்டனே உருகிவிடும். குழாயை மாற்றினால் எஞ்சின் இழுக்கும் காற்றும் மாறும். அதனால் கார்புரேட்டர் ஊசியைப் பழைய இடத்தில் விட்டு முழு வேகம் கொடுக்கவே கூடாது. பெட்ரோல் கூடுதலாக இருக்கும்படி திறந்து வைத்து, பிளக்கின் நிறத்தைப் பார்த்துப் பார்த்து மூட வேண்டும்.

கேமரன் மலை அடிவாரத்துத் தாப்பாவில் சரிசெய்த எஞ்சினை மலைக்கு ஏற்றினால் என்ன ஆகும்? சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய 16 சதவீதம் குறைவு. காற்று குறைந்த அளவுக்குக் கார்புரேட்டர் பெட்ரோலைக் குறைப்பதில்லை. எஞ்சின் கலவை தடித்துப் புகை கக்கும், பிளக் கறுக்கும். குழாயின் நீளத்தைத் தொட வேண்டியதில்லை: ஒலியின் வேகத்தைத் தீர்மானிப்பது வாயுவின் வெப்பம், அழுத்தம் அல்ல. ஊசியைக் கொஞ்சம் மூடினால் போதும். இறங்கும்போது மறக்காமல் திறக்க வேண்டும். மலையில் மூடிய ஊசியோடு சமவெளியில் முழு வேகத்தில் ஓடும் எஞ்சின் பெட்ரோலும் அதோடு வரும் எண்ணெயும் போதாமல் பிஸ்டன் பிடித்து நின்றுவிடும்.