ஆஸ்துமா, உடற்பயிற்சி, ஆன்டிஆக்ஸிடன்ட் மாத்திரை: பனியன் ஊரிலிருந்து ஒரு குறிப்பு

ஆஸ்துமா இருக்கறவங்க உடற்பயிற்சி செய்யலாமா? கூடவே வைட்டமின் சி, ஈ மாத்திரை போட்டா இளைப்பு குறையுமா? திருப்பூரில் இந்தக் கேள்வி அடிக்கடி காதில் விழும். நான் டாக்டர் இல்லை, மென்பொருள் எழுதுகிறவன். ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிப் படிப்பது பழக்கமாகிவிட்டது. படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில் மாத்திரைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். ஆஸ்துமாவில் மூச்சுக்குழாயின் உள்சுவர் வீங்கியிருக்கிறது. அங்கே கூடும் வெள்ளை அணுக்கள், வினைத்திறன் மிகுந்த ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைக் கக்குகின்றன. பஞ்சுத் தூசி, டீசல் புகை, பீடிப் புகை எல்லாம் அந்தச் சுமையைக் கூட்டுகின்றன. ஆன்டிஆக்ஸிடன்ட் என்பது இவற்றை அடக்கும் பொருள். அப்படியானால் அதை மாத்திரையாகவே விழுங்கினால் என்ன? கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது.

சோதித்தும் பார்த்தார்கள். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில் 300 ஆஸ்துமா நோயாளிகளைப் பிரித்து, தினம் 1 கிராம் வைட்டமின் சி, அல்லது மெக்னீசியம், அல்லது வெற்று மாத்திரை என்று 16 வாரம் கொடுத்தார்கள். 2003இல் வெளியான முடிவு: குறிப்பிடும்படியான பலன் இல்லை. அதே ஊரில் வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்தார்கள், அதுவும் இல்லை. லண்டனில் செலினியம், 24 வாரம். இல்லை.

உடற்பயிற்சியால் வரும் இளைப்புக்கு மட்டும் ஒரு சின்ன நம்பிக்கை இருந்தது. 2007இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தில், தினம் 1500 மில்லிகிராம் வைட்டமின் சி 2 வாரம் எடுத்தவர்களுக்கு, ஓடி முடித்தபின் மூச்சின் அளவு விழுவது சுமார் 13 சதவீதத்திலிருந்து 6 சதவீதமாகக் குறைந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால் சோதனையில் இருந்தவர்கள் 8 பேர்! எங்கள் தொழிலில் 8 பேரை வைத்துச் சோதித்த மென்பொருளை யாரும் வெளியே விடமாட்டார்கள். 2013இல் காக்ரேன் குழு 11 ஆய்வுகளை, மொத்தம் 419 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்துவிட்டு, பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் போதாது என்று எழுதியது.

எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில் நடந்தது, 2012. ஆஸ்துமா உள்ள 137 பேரில் ஒரு குழுவுக்குத் தினம் 5 பங்கு காய்கறி, 2 பங்கு பழம். இன்னொரு குழுவுக்கு இரண்டையும் நன்றாகக் குறைத்துவிட்டார்கள். குறைவாகச் சாப்பிட்டவர்களுக்கு அடுத்த 14 வாரத்தில் நோய் முற்றும் வாய்ப்பு 2 மடங்குக்கும் மேல். அந்தக் குறைவான குழுவிலேயே பாதிப் பேருக்குத் தக்காளிச் சாற்றை மாத்திரையாக்கிக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் இல்லை. தட்டில் இருந்த காய் செய்ததை மாத்திரை செய்யவில்லை. உழவர் சந்தையில் ஒரு கிலோ கொய்யாவோ நெல்லிக்காயோ வாங்குகிற காசு, மாத்திரை டப்பா விலைக்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து நடந்த ஆய்வில், பீட்டா கரோட்டின் மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகமாக வந்தது (1994). "வைட்டமின்தானே, என்ன பண்ணிடும்" என்று சொல்வதற்கில்லை.

சரி, உடற்பயிற்சி? இங்கே பதில் தெளிவு. இளைப்பு வரும் என்று பயந்து உட்கார்ந்துவிடுவது ஆஸ்துமாக்காரர்களிடம் ரொம்ப சகஜம். உட்கார உட்கார உடல் தளர்ந்து, மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். உடனே "நோய் ஜாஸ்தியாயிடுச்சு" என்பார்கள். பிரேசிலின் சாவ் பாலோவில் 2015இல் வெளிவந்த ஆய்வில், வழக்கமான மருந்தோடு வாரம் 2 நாள், 3 மாதம் டிரெட்மில்லில் நடந்தவர்களுக்கு மூச்சுக்குழாயின் எரிச்சல்தன்மையே குறைந்தது. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சில புரதங்களும் குறைந்தன. மாத்திரையால் செய்ய நினைத்ததை நடை கொஞ்சம் செய்துவிட்டது.

பயிற்சியின்போது தசையில் உருவாகும் அதே ஆக்ஸிஜன் மூலக்கூறுகள்தான், உடம்பின் சொந்தத் தற்காப்பைத் தட்டி எழுப்பும் மணி. 2009இல் ஜெர்மனியில் ஆரோக்கியமான இளைஞர்களுக்குப் பயிற்சியோடு வைட்டமின் சி, ஈ அதிக அளவில் கொடுத்தபோது, பயிற்சியால் இன்சுலின் செயல்பாட்டில் வரவேண்டிய முன்னேற்றம் வராமல் போனது. அது ஆஸ்துமா ஆய்வு இல்லைதான். ஆனாலும் மாத்திரையையும் நடையையும் சேர்த்துக்கொள்ள நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

பயிற்சி இளைப்பு ஏன் வருகிறது? வேகமாக மூச்சு வாங்கும்போது காற்று மூச்சுக்குழாயை உலர்த்திவிடுகிறது, அது சுருங்குகிறது. பெரும்பாலும் நின்ற பிறகு 5 முதல் 10 நிமிடத்தில் வந்து, ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும். அதனால் எடுத்ததும் வேகம் பிடிக்காமல், 10, 15 நிமிடம் மெதுவாக, நடுநடுவே சிறு வேகத்தோடு உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். அப்படிச் செய்தால் அடுத்த ஒன்று, இரண்டு மணி நேரம் பலருக்கு இளைப்பு குறைவு. மார்கழிக் குளிரில் மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்வது உதவும். பஸ் போகிற ரோட்டோரம் வேண்டாம். சீசன் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வருகிறவரிடம் "தினம் நடங்க" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. வாரம் 2 நாள் என்ற சாவ் பாலோ கணக்கு அவருக்காகத்தான்.

தினமும் எடுக்கச் சொன்ன இன்ஹேலரை நிறுத்திவிட்டு நடக்கக் கூடாது. "பழக்கமாயிடும்" என்ற பயம்தான் இங்கே பெரிய எதிரி. தடுப்பு மருந்து இல்லாமல், உடனடி நிவாரணம் தரும் நீல பஃப்பை மட்டும் நம்புவது போதாது என்று 2019இல் உலக ஆஸ்துமா வழிகாட்டி (ஜினா) மாற்றி எழுதிவிட்டது.

நம் ஊர் சங்கதி ஒன்று பாக்கி. ஸ்பின்னிங் மில்லில் புளோரூம், கார்டிங் பக்கம் வேலை செய்பவர்களுக்கு பிஸினோசிஸ் என்ற பஞ்சுநோய் வரலாம். வார லீவு முடிந்து வேலைக்குப் போகும் முதல் நாள் நெஞ்சு இறுகும், போகப்போகக் குறையும். 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலேயே இது இருந்தது. சாயப்பட்டறை ஆஸ்துமா வேறு மாதிரி: ரியாக்டிவ் சாயப்பொடி சிலருக்கு ஒவ்வாமையாகிவிடும், ஈரம் பட்ட ஹைட்ரோஸிலிருந்து கிளம்பும் கந்தக வாயு மூச்சை அடைக்கும். இதில் பெரும்பாலும் வேலைநாள் போகப்போக இளைப்பு கூடும், லீவில் குறையும். இந்த இரண்டுக்கும் மாத்திரையும் நடையும் பதில் இல்லை.

கண்டுபிடிக்க ஒரு எளிய வழி: சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பீக் ஃபுளோ மீட்டர். தினம் 4 தடவை ஊதி, எண்ணை நோட்டில் எழுதுங்கள், லீவு நாளும் சேர்த்து, 4 வாரம். எந்த நாள் என்ன செக்‌ஷனில் வேலை என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். வேலைநாள் எண்கள் விழுந்து ஞாயிற்றுக்கிழமை எண்கள் ஏறியிருந்தால், அந்த நோட்டை அப்படியே இஎஸ்ஐ டாக்டரிடம் காட்டி, வேலை என்ன என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். அவராகக் கேட்பார் என்று காத்திருக்க வேண்டாம்.