மாமாவின் புல்லட்டும் என் அஞ்சறைப் பெட்டியும்



கோலம், கூட்டு, குழந்தை வளர்ப்பு என்று எழுதும் பகுதியில் இவள் என்ன மோட்டார் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று நினைக்காதீர்கள். நம்மில் எத்தனை பேர் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய ராஜ்தூத்தோ, யெஸ்டியோ, புல்லட்டோ கிடக்கிறது! சீட்டில் கோழி அடைகிறது, ஹேண்டிலில் துணி காய்கிறது. விற்கவும் மனசு வராது, ஓட்டவும் ஆள் இல்லை. அப்படி ஒரு வண்டியைத்தான் நான் ஆவணி மாதத்திலிருந்து கழற்றித் துடைத்துக்கொண்டிருக்கிறேன். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். இதற்கு முன் மிக்சி ஜாரைத் தவிர எதையும் கழற்றியதில்லை!

எங்கள் ஊர் பட்டுக்கோட்டைப் பக்கம். மாமனார் தேங்காய் வியாபாரி. 1983-ல் புது புல்லட் வாங்கினார். பேராவூரணி, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டை என்று தோப்பு தோப்பாகப் போய்க் காய்க்கு விலை பேசியதெல்லாம் அந்த வண்டியில்தான். அத்தை ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு பின்னால் உட்கார்ந்து போவார்களாம். வண்டிச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உலை வைத்தால், கை கால் கழுவி உட்காரும்போது சோறு ரெடி என்பார்கள். (இதை நான் நம்பவில்லை. பொன்னி அரிசி அவ்வளவு சீக்கிரம் வேகாது!)

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வந்ததை எங்கள் பக்கத்துக்காரர்கள் மறக்க முடியாது. பிள்ளை மாதிரி வளர்த்த தென்னை எல்லாம் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. எங்கள் கொட்டகை அப்படியே வண்டி மேல் சரிந்தது. ஹெட்லைட் நொறுங்கி, ஹேண்டில் கோணி, டேங்க்கில் ஒரு பள்ளம். மாமா கொட்டகையைக் கூடப் பிரிக்க விடவில்லை. "மரமே போயிடுச்சு, வண்டி எதுக்கு?" என்று ஒரே வார்த்தை. அதன் பிறகு அதன் பக்கமே போகவில்லை. 2021-ல் மாமாவும் போய்விட்டார்.

இந்த வருடம் மகள் காலேஜுக்குப் போகவேண்டும். என் வீட்டுக்காரருக்கு ஜவுளிக்கடையில் சம்பளம். பழைய இரும்புக்காரரைக் கூட்டி வந்துவிட்டார். அவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு கிலோ கணக்கில் விலை சொன்னார். அத்தை ஒன்றும் சொல்லவில்லை. பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வண்டி பக்கத்தில் போட்டு உட்கார்ந்தவர்கள், அந்த ஆள் போகும் வரை எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு மகனோடு பேச்சே நின்றுவிட்டது. சோறு போட்டால் சாப்பிடுவார்கள், அவ்வளவுதான். ஒன்பது நாள் அப்படி இருந்தது வீடு. நடுவில் மாட்டிக்கொண்டவள் நான்.

பத்தாம் நாள் நான்தான் சொன்னேன்: "ஏங்க, ஆறு மாசம் குடுங்க. என் சீட்டுப் பணம் பன்னிரண்டாயிரம் இருக்கு. அதுக்குள்ள ஓட வச்சா ஓட்டுவோம். இல்லேன்னா நீங்களே வித்துடுங்க, நான் கேக்க மாட்டேன்." ஓடாத வண்டிக்குக் கிலோ விலை, ஓடுகிற புல்லட்டுக்கு வேறு விலை என்று அவருக்கும் தெரியும். அதனால் ஒத்துக்கொண்டார். அத்தையிடம் ஓட வைப்போம் என்பதை மட்டும் சொன்னேன். விற்கிற கெடுவைச் சொல்லவில்லை.

மெயின் ரோட்டில் மெக்கானிக் கடை வைத்திருக்கும் பாய் ஒருவர், மாமா காலத்துப் பழக்கம். அவரிடம் போய் நின்றேன். "தங்கச்சி, மொத்தமா என்கிட்ட விட்டா உங்க பணம் பத்தாது. தொடைக்கிறது, கழட்டறது எல்லாம் வீட்டுல நீங்க செய்யுங்க. நான் வெள்ளிக்கிழமை தொழுகை முடிஞ்சு வந்து பாக்கறேன்" என்றார். அவர் சொன்னபடி செய்ததைத்தான் எழுதுகிறேன். நீங்களும் தொடங்குவதாக இருந்தால் உதவும்.

உடனே ஸ்பேனரை எடுக்கக் கூடாது. முதலில் செல்போனில் எல்லாப் பக்கமும் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்தக் கேபிள் எதற்கு மேல் போகிறது என்பது கழற்றிய பிறகு கடவுளுக்கே தெரியாது. அடுத்தது போல்ட்டு நட்டு. என் பழைய அஞ்சறைப் பெட்டி ஓரம் நெளிந்து பரண் மேல் கிடந்தது, அதை இறக்கினேன். கடுகு இருந்த கிண்ணத்தில் டேங்க் போல்ட்டு, சீரகத்தில் சீட்டு போல்ட்டு, வெந்தயத்தில் மட்கார்டு. பேப்பரில் எழுதியும் ஒட்டினேன். பாய் பார்த்துவிட்டு, "என் கடைப் பசங்களுக்கு இந்த ஒழுங்கு வராது" என்றார்.

பெட்ரோல் விஷயத்தில் மட்டும் மிகவும் ஜாக்கிரதை! டேங்க்கில் பழைய பெட்ரோல் கொஞ்சம் இருந்தது. வார்னிஷ் மாதிரி நாற்றம். அதை வெட்டவெளியில் வைத்துத்தான் இறக்கினோம். அடுப்பு, சாமி விளக்கு, கொசுவத்தி எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. குழந்தைகளையும் விரட்டிவிட வேண்டும். டேங்க் உள்ளே துருவுக்கு, பெட்ரோல் வாடை சுத்தமாகப் போன பிறகு, வினிகர் ஊற்றி ஒரு கைப்பிடி சின்ன நட்டுகளைப் போட்டு அவ்வப்போது குலுக்கி இரண்டு நாள் வைத்தேன். பிறகு சோடா உப்புத் தண்ணீரில் அலசி வெயிலில் காயவைத்து, திரும்பத் துரு பிடிக்காமல் கொஞ்சம் எஞ்சின் ஆயில் விட்டு உருட்டினேன். நட்டுகளை எண்ணிப் போட்டு எண்ணி எடுக்க வேண்டும்.

நமக்குக் கைவந்தது பாத்திரம் தேய்ப்பதுதானே! ஆனால் எல்லாவற்றுக்கும் புளி போடக் கூடாது. எஞ்சின் மேல் மூடியெல்லாம் அலுமினியம். புளியோ, காரமான பவுடரோ பட்டால் மங்கிப் போகும். முன்பு போல ரேஷனில் மண்ணெண்ணெய் கிடைப்பதில்லை, அதனால் டீசலில் பழைய பல் தேய்க்கும் பிரஷ்ஷை நனைத்துத் தேய்த்தேன். ஒட்டிக் கிடந்த மண்ணும் எண்ணெயும் பணியாரம் மாதிரி பெயர்ந்து வந்தது. குரோம் பூசிய சைலன்சருக்கு, சப்பாத்தி சுற்றுகிற அலுமினியப் பேப்பரைக் கசக்கித் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தால் மேலாகப் பிடித்த துரு போய்விடுகிறது. உள்ளே அரித்துப் போன இடம் போனதுதான், அதற்கு மருந்தில்லை.

எஞ்சின் விஷயம் வேறு. ஏழு வருடம் சும்மா கிடந்ததை எடுத்ததும் உதைக்கக் கூடாது. உள்ளே பிஸ்டன் துருவில் ஒட்டியிருந்தால் ரிங் உடைந்துவிடுமாம். பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டை வழியாக இரண்டு மூன்று ஸ்பூன் எஞ்சின் ஆயில் விட்டு மூன்று நாள் விட்டுவிட்டோம். அப்புறம் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினார் பாய். முதலில் அசையவே இல்லை. அத்தை வாசற்படியில் உட்கார்ந்து முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே என்று ஆட்டி ஆட்டி... 'களுக்' என்று சுற்றியது பாருங்கள்! பாயே "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். கிளட்ச் தட்டுகள் மட்டும் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. அதைப் பிரித்துக் கழுவினார்.

பழைய ஆயிலை அடியில் இருக்கும் போல்ட்டைக் கழற்றி முழுக்க வடித்துவிட வேண்டும். இந்த வண்டியில் எஞ்சினுக்கு, கியர் பெட்டிக்கு, இடது பக்கச் செயின் மூடிக்கு என்று மூன்று இடத்தில் தனித்தனியாக ஆயில் ஊற்ற வேண்டும். ஒன்றை மாற்றினால் போதும் என்று விட்டுவிடக் கூடாது. ஆயில் வடிகட்டியையும் புதிதாகப் போட்டோம். டயர் இரண்டும் பாளம் பாளமாக வெடித்திருந்தன. கேபிள், பிரேக் கட்டை, பெட்ரோல் டியூப் எல்லாம் புதுசு. இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறதே, பழைய ரப்பரை அது ஊறவைத்துக் கெடுத்துவிடும் என்று டியூபையும் வாஷர்களையும் மாற்றச் சொன்னார் பாய். பாட்டரியும் வாங்கியதில் என் சீட்டுப் பணத்தில் இதுவரை ஒன்பதாயிரத்துச் சொச்சம் போயிருக்கிறது.

இந்த புல்லட் நம்ம சென்னைத் திருவொற்றியூரில் செய்ததாம். 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ்காரர்கள் இங்கிலாந்துக் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். அங்கே இங்கிலாந்தில் அந்தக் கம்பெனியே மூடிப் போயிற்று, இங்கே இன்னும் வண்டி வருகிறது. பழைய மாடலில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். இப்போது வரும் வண்டிகளில் அது மாறிவிட்டது. புது வண்டி ஓட்டுகிற பிள்ளைகள் பழைய புல்லட்டை எடுத்தால் பிரேக் என்று கியரை மிதித்துவிடுவார்கள். வீட்டில் இளவட்டம் இருந்தால் சொல்லி வையுங்கள்.

ஐப்பசியில் ஒரு நாள் ஸ்பார்க் வருகிறதா என்று பார்த்தோம். டேங்க்கைக் கழற்றித் தூரத்தில் வைத்துவிட்டு, பாயிண்ட்டை உப்புக் காகிதத்தால் தேய்த்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டருக்குள் இடைவெளி வைத்து, பிளக்கை எஞ்சின் மேல் படும்படி வைத்து கிக்கரை அழுத்தினார் பாய். வெயிலில் தெரியவில்லை. அத்தை எழுந்து வந்து முந்தானையை விரித்து நிழல் பிடித்தார்கள். நீலமாக ஒரு பொறி! "இன்னொரு தடவை" என்றார்கள். நாலு தடவை பார்த்த பிறகுதான் நகர்ந்தார்கள்.

அன்றைக்குத்தான் எனக்கு ஒன்று தெரிந்தது. இந்த வண்டியை ஸ்டார்ட் பண்ணும் வித்தை அத்தைக்கு மனப்பாடம்! முப்பது வருடம் பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் அல்லவா! "சாவியப் போட்டுட்டு மெதுவா கிக்கர அழுத்தும்மா. ஹெட்லைட்டு மேல இருக்கே ஆம்பியர் முள்ளு, அது நடுவுக்கு வரணும். வந்ததும் அந்தக் குட்டி லிவரப் பிடிச்சுக்கிட்டு இன்னும் கொஞ்சூண்டு அழுத்து. லிவர விட்டுடு, கிக்கர மேல வரவிடு. அப்புறம் ஒரே உதை. முள்ளப் பாக்காம உதைச்சா திருப்பி அடிக்கும், உங்க மாமா கணுக்கால்ல தழும்பு பாத்திருக்கியே" என்றார்கள். பாய் வாயைப் பிளந்துவிட்டார். ஹெட்லைட் நொறுங்கினாலும் அந்த முள் மட்டும் பிழைத்திருக்கிறது.

வேலையோடு வேலையாக ஆர்.சி. புத்தகத்தையும் பார்த்துவிடுங்கள். பதினைந்து வருடம் ஆன வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் உண்டு. மாமா கடைசியாகப் புதுப்பித்தது 2013-ல். புதுப்பிக்கும் கட்டணத்தை 2022 ஏப்ரலிலும், 2025 ஆகஸ்டிலும் ஏற்றியிருக்கிறார்கள், அதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். உரிமையாளர் இறந்திருந்தால் வாரிசு பேருக்கு மாற்ற படிவம் 31, கூடவே இறப்புச் சான்று, வாரிசுச் சான்று வேண்டும். எஞ்சின் நம்பரும் சேஸிஸ் நம்பரும் புத்தகத்தில் உள்ளபடி தெரிய வேண்டும், அதனால் பெயின்ட் அடிப்பவர் அந்த இடத்தைத் தேய்த்துவிடாமல் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். சின்ன வயதில் காசு மேல் பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்ப்போமே, அதே மாதிரி நம்பரைப் பேப்பரில் எடுத்தும் வைத்திருக்கிறேன்.

யார் பேருக்கு மாற்றுவது என்று பேச்சு வந்தபோது என் வீட்டுக்காரர் தன் பேரைச் சொன்னார். நாத்தனாரும் போனில் சரி என்றுவிட்டார். அத்தை வெற்றிலையை மடித்துக்கொண்டே, "என் பேருக்கு மாத்து" என்றார்கள். மகனோடு அவர்கள் பேசிய முதல் வார்த்தை அது! அறுபத்தெட்டு வயசில் உனக்கு எதுக்கும்மா என்று இவர் கேட்க, "எனக்குத் தெரியாம எடைக்குப் போட மாட்டல்ல?" என்றார்கள். நான் சொல்லாத கெடுவை எப்படித்தான் தெரிந்துகொண்டார்களோ! இவர் பதில் பேசவில்லை. மறுநாள் காலையில் வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்துக்குப் போய்விட்டு வந்தார். பேப்பரில் அத்தை பேர் இருந்தது.

இப்போது கார்த்திகை. மாசிதான் கெடு. கார்புரேட்டரைக் கழுவ வேண்டும், ஹேண்டிலை நிமிர்த்தக் கொடுத்திருக்கிறது, டேங்க் பெயின்ட் கடையில் இருக்கிறது. மகளின் பீஸுக்கு முதல் தவணையை அத்தையின் தோட்டை வைத்துக் கட்டியிருக்கிறோம். அடுத்தது தை கடைசிக்குள் கட்ட வேண்டும். அதற்குள் வண்டி ஓடுமா, ஓடினால் வீட்டில் நிற்குமா, இன்னும் முடிவாகவில்லை. இவர் மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடாமலே வந்து ஸ்பேனரைப் பிடிக்கிறார்.

தோழியரே, ஒரு உதவி. கொட்டகை விழுந்ததில் இடது பக்க டூல் பாக்ஸ் மூடி காணாமல் போயிற்று. எண்பதுகளின் மாடல், தகரத்தில் செய்தது. உங்கள் வீட்டுப் பரணிலோ, கொல்லையிலோ கிடந்தால் இந்தப் பகுதிக்கே ஒரு வரி எழுதுங்கள். விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறேன்.

- ஒரு வாசகி, பட்டுக்கோட்டை