காரையிலும் லாங்சாவிலும் ஒரு கடற்சுருள்

மணாலியிலிருந்து காசாவுக்குச் செல்லும் மலைப்பாதை, குன்சும் கணவாயில் 4,500 மீட்டர் உயரத்தைத் தாண்டுகிறது. பனிக்காலத்தில் மாதக்கணக்கில் மூடிக்கிடக்கும் அதைத் திறந்திருக்கும் நாள்களிலும் சாலை என்பதைவிட ஓடைப்படுகை என்பதே பொருந்தும். மூச்சுத் திணறலோடு ஸ்பிதியின் லாங்சா சிற்றூரை அடைந்தபோது, சிறுவன் ஒருவன் சுருள்வடிவக் கல்லை நீட்டி விலை சொன்னான். அரியலூர்க்காரனான எனக்கு அது பழகிய பொருள். பெரம்பலூர் மாவட்டத்துக் காரையின் மண் ஓடைகளில் சிறுவயதில் நான் பொறுக்கியதும் அம்மோனைட் என்னும் அழிந்துபோன கடலுயிரின் படிமத்தைத்தான்.

ஆனால், இரண்டின் வரலாறும் வேறு. ஸ்பிதி, டெதிஸ் கடலின் தரை. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்திய நிலத்தட்டு ஆசியாவுடன் மோதத் தொடங்கியபின் மடிந்து மேலெழுந்தது. காரையிலோ, சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் நிலத்துக்குள் புகுந்திருந்த கடல், பின்னர் விலகிப் போனது. அத்தகைய மோதல் நேராததால் அடுக்குகள் பெரிதும் குலையவில்லை.

எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத படிமம், ஆய்வாளருக்கு ஏறத்தாழ வெறும் கல்லே. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களைக் குறைகூறும் நாம், சுற்றுலாப் பயணியின் பையை மறந்துவிடுகிறோம். சிறுவனிடம் நான் கல்லை வாங்கவில்லை. ஊர் திரும்பியதும், வீட்டிலிருந்த காரைக் கற்களைப் புவியமைப்பியல் பேராசிரியர் ஒருவரிடம் ஒப்படைத்தேன். எங்கே எடுத்தவை என்று கேட்டார். என்னால் சொல்ல இயலவில்லை.