நெல் கொடுத்த கலை, காவிரி கொடுத்த சுவை: தஞ்சையில் ஒரு நாள் பயணம்!

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் விமானத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். 200 அடிக்கு மேல் எழுந்து நிற்கும் அழகு அப்படி! அடுத்த முறை போகும்போது கொஞ்சம் குனிந்தும் பாருங்கள். அடிப்பகுதியைச் சுற்றி வரி வரியாகக் கல்வெட்டுகள். 1010-ல் ராஜராஜ சோழன் கட்டி முடித்த கோயிலின் கணக்குப் புத்தகம் அதுதான்.

ஆடல் மகளிர் 400 பேரின் பெயர்களும், அவர்கள் குடியிருந்த வீடுகளும்கூட அதில் பதிவாகியிருக்கின்றன. ஒருவருக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல் சம்பளம். பாடியவர், கொட்டு அடித்தவர், தச்சர், தையல்காரர் என எல்லோருக்கும் நெல்தான் ஊதியம். வயல் விளைந்ததால்தான் கலை வளர்ந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

திருவையாறு: பாட்டும் அசோகாவும்

தஞ்சையிலிருந்து வடக்கே சுமார் 13 கி.மீ. போவதற்குள் வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி என்று பாலத்துக்குப் பாலம் ஆறுகள். அதன் பிறகு காவிரிக்கரையில் திருவையாறு. தியாகராஜரின் சமாதி இங்கேதான் இருக்கிறது. ஆண்டுதோறும் ஆராதனை நாளில் நூற்றுக்கணக்கான கலைஞர்கள் ஒன்றாக உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுகிறார்கள்.

கடைத்தெருவுக்கு வந்தால் நெய் மணம் இழுக்கும். பாசிப்பருப்பை வேகவைத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கிளறிய அசோகா! வாழையிலைத் துண்டில் சூடாக வாங்கிச் சாப்பிட வேண்டிய பண்டம் இது.

சுவாமிமலை: வண்டல் மண்ணில் பிறக்கும் தெய்வங்கள்

கும்பகோணம் போகும் வழியில் சுவாமிமலையில் இறங்கிவிடுங்கள். ஸ்தபதிகளின் பட்டறைகளில் ஐம்பொன் சிலை வார்ப்பதை நேரிலேயே பார்க்கலாம். முதலில் மெழுகில் சிலை செய்கிறார்கள். அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சுட்டால், மெழுகு உருகி வெளியேறும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றுகிறார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். ஒரு அச்சில் ஒரே சிலைதான்!

மெழுகின் நுணுக்கமான கோடுகளையெல்லாம் அப்படியே வாங்கிக்கொள்ளும் அளவுக்கு இந்த மண் மிருதுவானது. ஆறு கொண்டுவந்து சேர்த்த மண் அது.

கும்பகோணம்: கடப்பாவும் காபியும்

அருகிலுள்ள தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலில் சிற்பங்களைப் பார்த்துவிட்டு, மாலை டிபனுக்குக் கும்பகோணம் வந்துவிடலாம். பாசிப்பருப்பு, உருளைக்கிழங்கு, தேங்காய் சேர்ந்த கடப்பாவை இட்லிமேல் ஊற்றிச் சாப்பிட்டவர்கள் சாம்பாரைத் தேட மாட்டார்கள். பிறகு பித்தளை டபராவில் நுரை பொங்கும் டிகிரி காபி.

தண்ணீர் வந்தால்தான்...

இத்தனைக்கும் ஆதாரம் ஒன்றுதான். வழக்கமாக ஜூன் 12-ல் மேட்டூர் அணை திறக்கும். அந்தத் தண்ணீர் கல்லணைக்கு வந்து பிரிந்து வயல்களுக்குப் போனால்தான் குறுவை. 2024-ல் அணை திறக்க ஜூலை கடைசி ஆகிவிட்டது. ஆற்றுத் தண்ணீரை மட்டுமே நம்பியிருந்தவர்கள் குறுவையை விட்டுவிட்டு, சம்பாவுக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

விவசாயி கையில் காசு இருந்தால்தான் கடைத்தெருவில் வியாபாரம், ஊரில் திருவிழா. கல்வெட்டு சொல்லும் கணக்கு இன்றும் மாறவில்லை.

எப்போது போகலாம்?

ஜனவரி நல்ல மாதம். வெயில் குறைவு, சம்பா வயல்கள் பொன்னிறமாக விளைந்து நிற்கும், ஆராதனையும் பெரும்பாலும் அப்போதுதான். மதியம் கோயில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் பெரிய கோயிலுக்குக் காலையிலேயே போய்விடுங்கள். வழியில் ஒரு வயல் வரப்பில் ஐந்து நிமிடம் நிற்கவும் மறக்காதீர்கள். பெரிய கோயிலின் கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.