அரசன் ஏடு இருக்கிறது. மக்கள் ஏடு எங்கே?

இங்கிலாந்தை வாளால் வென்ற வில்லியம் மன்னன், யாரிடம் எவ்வளவு நிலம், எத்தனை ஏர் என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்கச் சொன்னான். குடிமக்கள்மீது கொண்ட பாசத்தாலா? இல்லை, வரி கறக்க! 1086-இல் ஆட்டுத்தோலில் எழுதிய அந்தக் கணக்குக்கு 'டூம்ஸ்டே புத்தகம்' என்று பெயர். இன்றும் அது லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது. லத்தீன் அறிந்தவன் பிரித்தால் படிக்கலாம்.

அதன் 900-ஆம் ஆண்டில், 1986-இல், பி.பி.சி. புதிய டூம்ஸ்டே ஒன்றைத் தயாரித்தது. இம்முறை எழுதியவர்கள் மன்னனின் கணக்கர்கள் அல்லர். பள்ளிப் பிள்ளைகளும் பாமர மக்களும். பத்து லட்சம் பேருக்கு மேல் பங்கு கொண்டனர். எங்கள் ஊரில் இன்ன தொழில், எங்கள் வீட்டில் இன்ன சாப்பாடு என்று எழுதினார்கள், படம் எடுத்தார்கள். அத்தனையும் இரண்டு லேசர் தட்டுகளில் அடங்கின. செலவு 25 லட்சம் பவுன். தட்டை ஓட்டும் இயந்திரத்தின் விலையோ, எழுதிய பிள்ளைகளின் பள்ளிகளிலேயே பல வாங்க முடியாத விலை!

பதினாறே ஆண்டுகள். 2002-இல் தட்டு இருந்தது, படிக்கும் இயந்திரம் அருகிவிட்டது. ஊசியை விற்ற வியாபாரி நூலை நிறுத்திவிட்டான். லீட்ஸ், மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அந்தப் பழைய கம்ப்யூட்டரைப் போலவே நடிக்கும் மென்பொருளை ஆக்கி மீட்டார்கள். 2011-இல் மக்கள் எழுதிய பகுதி இணையத்தில் ஏறியது. 2018-இல் அந்தத் தளமும் மூடப்பட்டது. அதன் படி தேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பதால் பிழைத்தது.

ஆட்டுத்தோலுக்குத் திரும்புங்கள் என்றா சொல்கிறோம்? இல்லை. ஓலை செல்லரிக்குமுன் புதிய ஓலையில் படியெடுத்த நாட்டினர் நாம். அதே வேலைதான், இப்போது தவணை குறுகிவிட்டது, அவ்வளவே. வீடியோ காசெட் ஓட்டும் இயந்திரத்தைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் கைகழுவிவிட்டது. முதலாளியின் பத்திரங்களைக் காக்க அவனிடம் ஆள் இருக்கிறது. வேலைநிறுத்த ஊர்வலத்தைப் பிடித்த நம் காசெட்டைக் காக்க யார் இருக்கிறார்?

தோழர்களே, கிளை அலுவலக பீரோவைத் திறந்து பாருங்கள். காசெட் எத்தனை, பிளாப்பி எத்தனை, அவற்றை ஓட்டும் இயந்திரம் எவரிடம் உள்ளது என்று எழுதி, அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் வையுங்கள்.