ஹைட்ரஜன் பேருந்தும் அதற்கான நிலையமும்

புகை கக்காத பேருந்து என்றவுடன் நம் கவனம் பேருந்தின் மீதே செல்கிறது. அதற்கு எரிபொருள் நிரப்பும் நிலையத்தைப் பற்றி நாம் எண்ணுவதில்லை. ஆயின், இத்திட்டங்கள் நிலைப்பதும் நிலைகுலைவதும் பெரும்பாலும் அந்நிலையத்தைப் பொறுத்தே அமைகின்றன. கனடா நாட்டின் விஸ்லர் இதற்குத் தக்க சான்றாகும்.

2010ஆம் ஆண்டுக் குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளுள் சில நடைபெற்ற மலையூர் அது. அவ்வமயம் ஹைட்ரஜனால் இயங்கும் 20 பேருந்துகள் அங்கு ஓடத் தொடங்கின. இவற்றில் ஹைட்ரஜன் எரிக்கப்படுவதில்லை. எரிபொருள் மின்கலத்தில் அது காற்றிலுள்ள ஆக்சிஜனோடு கூடி மின்சாரத்தைத் தருகிறது. வெளியேறுவது நீரும் நீராவியுமே.

நிலையம் அமைப்போர் முதலில் விடை காண வேண்டிய வினா, வாயு எங்கிருந்து வரும் என்பதாகும். நிலையத்திலேயே நீரை மின்னாற் பகுத்து அதனைப் பெறலாம். ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 9 லிட்டர் நீரைப் பகுக்க வேண்டும். 50 யூனிட்டுக்குமேல் மின்சாரம் செலவாகும். அந்த ஒரு கிலோவில் அடங்கிய ஆற்றலோ ஏறத்தாழ 33 யூனிட். அதிலும் பாதியளவே மீண்டும் மின்சாரமாகிறது. வட்டிக்கடைக் கணக்கைவிடக் கடுமையான கணக்குத்தான்! எனவே நீர்மின்சாரமும் புவிவெப்ப மின்சாரமும் மலிந்த ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக் நகரில் 2003ஆம் ஆண்டு இம்முறை மேற்கொள்ளப்பட்டதில் வியப்பில்லை. அங்கு ஓடியவை மூன்று பேருந்துகளே.

விஸ்லரோ வேறு வழியை நாடியது. கியூபெக் மாநிலத்தில் நீர்மின்சாரத்தால் பெறப்பட்ட ஹைட்ரஜன் திரவமாக்கப்பட்டு, டீசல் லாரிகளில் 4,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவைக் கடந்து வந்தது. பேருந்தில் தவிர்த்த புகையில் ஒரு பகுதியை லாரிகள் நெடுஞ்சாலையில் கக்கின என்பதை நாம் மறத்தல் இயலாது.

திரவ ஹைட்ரஜனின் வெப்பநிலை மைனஸ் 253 டிகிரி செல்சியஸ். வெற்றிடம் சூழ்ந்த இரட்டைச் சுவர்த் தொட்டியில் வைத்தாலும் அது சிறிது சிறிதாக ஆவியாகிக்கொண்டே இருக்கும். நிலையத்தில் அதனை வாயுவாக்கி, பேருந்தின் கூரையிலுள்ள உருளைகளில் காற்றழுத்தத்தைப் போல் 350 மடங்கு அழுத்தத்தில் நிரப்புகின்றனர். சைக்கிள் சக்கரத்துக்குக் காற்றடிக்கையில் பம்பு சூடேறுவதை நாம் அறிவோம். இங்கும் அவ்வாறே உருளை சூடேறும். அது 85 டிகிரியைத் தாண்டலாகாது. ஆதலின் நிரப்பும் வேகத்தைக் கருவிகள் கட்டுப்படுத்துகின்றன. பேட்டரிப் பேருந்துக்கு மணிக்கணக்கில் மின்னேற்றம் தேவைப்படுகையில், இது சில நிமிடங்களில் முடிந்துவிடுகிறது. ஹைட்ரஜனை நாடுவோரின் வலுவான வாதம் இதுவே.

காப்பு ஏற்பாடுகளும் பெட்ரோல் நிலையத்தினின்று மாறுபட்டவை. பெட்ரோல் ஆவி தரையில் தங்கும். காற்றைவிட 14 மடங்கு இலேசான ஹைட்ரஜன் மேலே பறக்கும். எனவே கசிவை உணரும் கருவிகளைக் கூரையடியில் பொருத்துகின்றனர். வாயு தேங்காவண்ணம் கூரைக்குத் திறப்பும் வைக்கின்றனர். அதன் சுடர் பகலொளியில் கண்ணுக்குப் புலப்படுவது அரிது. அதனைக் காணப் புறஊதாக் கதிர் உணர்கருவி வேண்டும். சமையல் வாயுவில் நாற்றப்பொருள் கலப்பதுபோல் இதிற் கலக்கவும் வழியில்லை. அப்பொருளிலுள்ள கந்தகம் மின்கலத்தின் பிளாட்டினத்தைக் கெடுத்துவிடும். சாதாரண எஃகுக் குழாயுள் ஹைட்ரஜன் ஊடுருவி அதனை நொறுங்கச் செய்யும் என்பதால், குழாயைத் தேர்வதே தனியொரு கலையாக உள்ளது.

இத்தனையும் செவ்வனே அமைந்த நிலையம்தான் விஸ்லரில் எழுந்தது. எனினும் எரிபொருளுக்கும் பராமரிப்புக்கும் ஆன செலவு டீசல் பேருந்துகளினும் மிகுதியாக இருந்தது. 2014ஆம் ஆண்டில் அப்பேருந்துகள் நிறுத்தப்பட்டன. அவற்றினிடத்தில் டீசல் பேருந்துகளே மீண்டும் வந்தன.